மெழுகுதிரிப் பந்துக்குக் கீழே

போன கிழமை ஒரு காலை, வார்டில் ஒரு முதியவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டியிருந்தது. நல்ல பாரமான மனிதர். தலைமாட்டில் நான், கால்மாட்டில் மக்சீம். மக்சீம் வேலைக்குப் புதிது. வடக்கே மரம் அரியும் ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்தவன். வாசல் நிலையில் தலை முட்டும் உயரம். தூக்குவதற்கு முன்னால் மற்றவர் தயாரா என்று கேட்டுவிட்டுத்தான் தூக்க வேண்டும், அது எங்கள் வேலையின் முதல் விதி. அவன் ஒழுங்காக "கொரெக்ட்?" என்று கேட்டான். நான் "ஓம்" என்றேன். அவன் நோயாளியின் காலை மெல்லக் கட்டிலில் வைத்துவிட்டு, திரும்பி வாசலைப் பார்த்தான்.

வாசலில் யாருமில்லை. "எந்த ஆள்?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

பிரெஞ்சில் மனிதனுக்கு, ஆம்பிளைக்கு, 'ஓம்' என்றுதான் சொல்வார்கள். எழுதும்போது நாலைந்து எழுத்தைச் சேர்த்து எழுதுவார்கள், வாயில் வருவது எங்கள் ஓம்தான். நான் ஆமோதித்தது அவன் காதில் 'ஆள்' என்று விழுந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணம் தெரியாமல் முதியவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு ஒழுங்காகப் பிரெஞ்சு ஓமான 'வி'யைச் சொல்லி, அவரைத் தூக்கி நாற்காலியில் வைத்தோம். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது இடது முழங்கால் பழையபடி ஒரு குத்துக் குத்தியது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

நான் மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பக்கத்தில், ஓர் ஆஸ்பத்திரியில் ப்ரெபோசே வேலை செய்கிறேன். நோயாளிகளைத் தூக்குவது, திருப்புவது, கழுவித் துடைப்பது. தாதியும் அல்ல, சுத்திகரிப்பாளரும் அல்ல, இரண்டுக்கும் நடுவில் முதுகு வலிக்கிற ஓர் உத்தியோகம். ஓய்வறைக்குப் போனால் அங்கே செல்வி அக்கா மணிக்கட்டுக்குத் தைலம் பூசிக்கொண்டிருந்தார். மட்டக்களப்புக்காரர், என்னைவிட மூத்தவர். இந்த வேலையில் கொஞ்சக் காலம் போனால் எல்லோருக்கும் ஏதாவது ஓரிடம் போய்விடும், அவருக்கு மணிக்கட்டு. "முழங்காலுக்கும் கொஞ்சம் போடன் தம்பி" என்று போத்தலை நீட்டினார். காற்சட்டையைச் சுருட்டிவிட்டுப் பூசினேன்.

கற்பூரமும் புதினாவும் கலந்த அந்த வாசனை என்னை எங்கே கொண்டுபோகும் என்று செல்வி அக்காவுக்குத் தெரியாது. பிரான்சின் தெற்கே, ஸ்பெயின் எல்லைக்குக் கிட்ட, வைனுக்கு வளர்க்கிற முந்திரிகைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற ஒரு சின்ன ஊருக்கு. அங்கே ஒரு மைதானம். பார்வையாளர் படிக்கட்டுக்குக் கீழே சீமெந்து அறை ஒன்று. அதற்குள் தைலம், ஈரச்சேறு, உரித்த தோடம்பழம், பக்கத்து வைன் சாலையிலிருந்து வருகிற புளித்த வாடை, எல்லாம் ஒன்றாய் நிற்கும். எங்கள் பயிற்சியாளர் பெர்னார் தைலத்தை யார் கையிலும் கொடுக்கமாட்டார். விபூதிப் புதனன்று சுவாமியார் வரிசையாக நெற்றியில் சாம்பல் பூசுவது போல, பதின்மூன்று பேரையும் வாங்கில் இருத்தி, வரிசையாகத் தொடையில் தானே பூசிவிடுவார். அவருடைய கை முந்திரிகை வெட்டிக் காய்த்த கை. தைலத்தைவிட அந்தக் கைதான் எரியும்.

உங்களுக்குச் சொல்லியிருக்கிறேனோ தெரியாது, நான் ஒரு காலத்தில் சம்பளத்துக்கு ரக்பி லீக் விளையாடியவன். இதைச் சொல்லவே இப்போதெல்லாம் அலுப்பாக இருக்கிறது. சொன்னால் விளக்கவேண்டும். மொன்றியலில் எங்கள் பங்குக் கோயிலில் ஒரு தரம் யாரோ என்னை அறிமுகப்படுத்தினார்கள்: "இவர் பிரான்சில பெரிய ஃபுட்போல் பிளேயரா இருந்தவர்." உடனே ஒரு பெரியவர், "அப்ப தம்பி எத்தினை கோல் அடிச்சனீங்கள்?" என்று கேட்டார். கோல் இல்லை ஐயா, இது ரக்பி என்றேன். "ஓ, கொழும்பில விளையாடுறவங்கள், அந்தப் பதினைஞ்சு பேர் விளையாட்டு" என்றார். அதுவும் இல்லை, இது பதின்மூன்று பேர் விளையாட்டு, வேறு சட்டம் என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்து, "மற்ற ரெண்டு பேருக்கும் என்ன நடந்தது?" என்று கேட்டார். அன்றைக்குப் பிறகு நான் ஃபுட்போல் என்றே விட்டுவிட்டேன். றெஜினாவுக்கு, அதாவது என் மனைவிக்கு, அதுதான் நிம்மதி.

மன்னாரிலிருந்து சித்தப்பாவோடு பிரான்சுக்குப் போனபோது எனக்குப் பத்து வயது இருக்கும். மற்றத் தமிழர்கள் எல்லோரும் பாரிசில் இருக்க, நாங்கள் மட்டும் ஏன் அந்தக் கோடிக்குப் போனோம் என்றால், சித்தப்பா பாரிசில் வேலை செய்த உணவகத்தின் முதலாளி தன் சொந்த ஊருக்குக் கடையை மாற்றினார். சித்தப்பாவையும் சட்டி பானைகளோடு சேர்த்துக் கொண்டுபோனார். ஆகவே நான் பிரெஞ்சு படித்தது அந்த ஊர் இழுவையோடு. இங்கே மொன்றியலில் நான் வாய் திறந்தால் கியூபெக்காரர் இரண்டாம் தரம் என் முகத்தைப் பார்ப்பார்கள். முகம் மன்னார், பேச்சு தெற்குப் பிரான்சுத் தோட்டக்காரன். எதற்கும் எதற்கும் சம்பந்தமில்லாத ஆள் நான்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் சித்தப்பாவின் குசினியிலேயே கோப்பை கழுவ நின்றேன். நான் எப்படி விளையாட்டுக்காரன் ஆனேன் என்பதைப் பற்றி ஊர்ப் பத்திரிகையில் ஒருவர் அழகாக எழுதினார்: போரில் ஷெல்லுக்குத் தப்பி ஓடி ஓடி இவன் கால்கள் வேகம் பெற்றன என்று. வாசித்துவிட்டு எனக்கே கண் கலங்கியது. உண்மை என்னவென்றால், நான் ஓடிப் பழகியது முதலாளியின் நாய்க்கு. குப்பை வாளியோடு பின்வாசலால் வந்தால் அது துரத்தும். வாளியைக் கொட்டாமல், அதற்கும் பிடிபடாமல், வளைந்து வளைந்து வாகனங்களுக்கு இடையால் ஓடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து சாப்பிட வந்த பெர்னார் பின்வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றவர், இதைப் பார்த்தார். "வாளிக்குப் பதிலாய்ப் பந்தைத் தந்தால் ஓடுவாயா?" என்று கேட்டார்.

சித்தப்பாவுக்குத் துண்டாகப் பிடிக்கவில்லை. "கை உடைஞ்சா கோப்பை ஆர் கழுவுறது?" என்றார். ஒரு நாள் அவருக்கு ஆட்டத்தை விளக்கிப் பார்த்தேன். பந்தோடு ஓடவேண்டும், பிடித்து விழுத்துவார்கள், எழும்பிப் பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளவேண்டும், பிறகு திரும்பவும் ஓடவேண்டும், திரும்பவும் விழுத்துவார்கள், ஆறு முறைக்குள் ஒன்றும் ஆகாவிட்டால் பந்தை மற்றவனிடம் கொடுத்துவிட வேண்டும். சித்தப்பா வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "உதைத்தானேடா நாங்கள் வாழ்க்கை முழுக்கச் செய்யிறம், அதுக்கேன் தனியாச் சப்பாத்து?" என்றார். ஆனால் போகவேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆறாம் முறை என்றேனே, அதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பந்தைச் சும்மா கொடுக்க மனமில்லாமல், ஆறாம் முறை அதை வானத்துக்கு உதைப்பார்கள். உயர, நேராக, மறுபடி எங்கே விழும் என்று தெரியாதபடி. பிரெஞ்சில் அதற்கு மெழுகுதிரி என்று பெயர். தொலைபேசியில் இதைச் சொன்னபோது மன்னாரிலிருந்த அம்மாவுக்குப் பெரிய ஆறுதல். மெழுகுதிரி இருக்கிற விளையாட்டு என்றால் அது வேதக்காரரின் விளையாட்டாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டார். நானும் மறுக்கவில்லை.

நான் ஓரத்தில் ஓடுகிறவன். எனக்குப் பின்னால் கடைசிக் காவலாக யூனூஸ் நிற்பான். மொரோக்கோவிலிருந்து வந்த குடும்பம், தகப்பன் தோட்டத்தில் வேலை, பல்வரிசை முழுக்கத் தெரியச் சிரிக்கிறவன். மெழுகுதிரி விழுகிற இடம் அநேகமாக எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்தான். அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஓடுகிற இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்க முடியாது, வாயால்தான் சமாளிக்கவேண்டும். "உனக்கா?" என்று ஒருவன் கேட்பான். மற்றவன் 'ஜே' என்று கத்தவேண்டும். 'என்னிடம் இருக்கிறது' என்று அர்த்தம். கேட்டவன் விலகிவிடுவான். யூனூஸ் கேட்டான். என் வாய் "ஓம்!" என்றது. யூனூஸ் ஆள் வருகிறான் என்று திரும்பிப் பார்த்தான். பந்து என் தலையில் விழுந்தது.

பயிற்சியில் எத்தனையோ தரம் இப்படி. பெர்னார் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்து, "எந்த ஆளடா? எங்கே ஆள்? ஒரு நாளும் ஆளில்லையே!" என்று கத்தினார். எனக்கு வெட்கமாக இருந்தது. பாடசாலையில், கடையில், வீதியில் எல்லாம் பிரெஞ்சில்தான் ஆமோதிப்பேன். ஆனால் அண்ணாந்து பார்த்து, மூச்சு வாங்கி, பயந்து நிற்கிறபோது உள்ளே இருந்து வருவது அதுதான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். வேதக்காரருக்குச் சேமக்காலை மட்டும். ஒரு நாள் யூனூஸ்தான் கேட்டான், அது என்ன சொல் என்று. சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் நாங்கள் எல்லோரும் அப்படியே சொல்வோம்" என்றான்.

அதுதான் நடந்தது. முந்திரிகை வெட்டுகிறவன், பாண் சுடுகிறவன், தபால்காரன், பதின்மூன்று பேரும் மெழுகுதிரிக்குக் கீழே ஓம் என்று கத்தத் தொடங்கினார்கள். எதிரணிக்காரர் ஒவ்வொரு தரமும் ஆள் வருகிறான் என்று திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குள் நாங்கள் பந்தோடு போய்விடுவோம். அந்த வருடம் எங்களுக்கு நல்ல வருடம். படிக்கட்டில் இருக்கிற கிழவிகள்கூட, பந்து மேலே போனால் கையைக் குவித்து "ஓம்! ஓம்!" என்று கூவுவார்கள். பக்கத்து ஊரில் எங்களை யோகாசனக்காரர் என்று பகிடி பண்ணினார்களாம். நான் வாழ்க்கையில் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு காலத்தில்தான். றெஜினாவிடம் இதைச் சொல்லக்கூடாது.

நன்றாக விளையாடினால் வருகிற தண்டனை, மேலே கூப்பிடுவார்கள். அந்தப் பகுதியின் பெரிய குழுவிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். முழுநேரம், மாதச் சம்பளம், இங்கிலாந்துக்குப் போய் விளையாடுகிற குழு. கோப்பை கழுவுகிற பெடியன் என்று இல்லாமல், விளையாட்டுக்காரன் என்று ஒரு படிவத்தில் எழுதலாம். எனக்கு அது பெரிய விஷயம். சிரிக்காதீர்கள். நான் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பிறகு எல்லாவற்றையும் தாங்கினேன்.

அங்கே ஓமுக்கு இடமில்லை. முதல் பயிற்சியிலேயே தலைமைப் பயிற்சியாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இங்கே 'ஓம்' என்றால் ஆள் வருகிறான் என்று அர்த்தம். தோளை இறக்கித் தயாராகு என்று அர்த்தம். யாராவது சாவான். நீ ஜே சொல்லப் பழகு" என்றார். நியாயமான பேச்சு. பழகினேன். பஸ்ஸில் ஜே, படியேறும்போது ஜே, பல் தீட்டும்போது வாய் நுரையோடு ஜே, ஜே. வீட்டுக்கு வந்திருந்த ஒரு நாள் சித்தப்பா குளியலறைக் கதவைத் தட்டி, "ஆருக்கடா உள்ளுக்கு நிண்டு ஜே போடுறாய்? எலெக்சனே வருது?" என்று கேட்டார்.

தொழிலாக விளையாடுவது பற்றி ஆட்கள் பெரிதாக நினைக்கிறார்கள். எனக்கு ஞாபகமிருப்பது களைப்பு. விடிய எழும்பி எடை பார்ப்பார்கள். ஐஸ் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைப்பார்கள். திங்கட்கிழமைகளில் ஒருவரும் நேராகப் படியிறங்கமாட்டார்கள். இருபத்தைந்து வயது ஆட்கள் எல்லோரும் கைபிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவோம். இங்கிலாந்தின் வடக்கே போய் மழையில் விளையாடுவோம். அங்கத்தைய ஆட்கள் வீட்டு அலுமாரி மாதிரி இருப்பார்கள். அலுமாரி ஓடி வந்து இடித்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முக்கால்வாசி ஆட்டங்களில் நான் வாங்கில் குளிரில் இருந்தேன். ஆனால் படிவத்தில் விளையாட்டுக்காரன் என்று எழுதினேன். ஓய்ந்துபோய்ப் படுக்கிற நேரத்திலும் அதை நினைத்துக்கொள்வேன்.

நாலாவது வருடம் எனக்கு நல்ல வாய்ப்பு வந்தது. ஓரத்தில் விளையாடுகிற மூத்தவர் ஓய்வு பெறப்போகிறார். தலைமைப் பயிற்சியாளர் சொன்னார்: "சீசனின் கடைசி ஆட்டம் உனக்கு. இதில் நீ நின்றுகாட்டினால் மூன்று வருட ஒப்பந்தம். இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன்." ஒளிவு மறைவில்லாத மனிதர். எனக்குப் பின்னால் கடைசிக் காவலுக்குப் பெனுவா என்று புதிதாக ஒருவன் வந்திருந்தான். நல்ல பிள்ளை. பெரிய உடம்பு. என்னுடைய பழைய ஓம் கதை எதுவும் அவனுக்குத் தெரியாது.

அதே நேரம் பார்த்து அம்மாவுக்கு விசா கிடைத்தது. எத்தனையோ முறை மறுத்து, கடைசியில் ஒரு மாதம் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று விட்டார்கள். விமான நிலையத்தில் அம்மா என்னைக் கண்டுபிடிக்கவில்லை. கழுத்தில்லாத ஒரு தடியனைப் பார்த்து ஒதுங்கி நின்றார். பிறகு அழுதார். நான் இருந்த சின்ன வீட்டில் மீன்குழம்பு வாசனை வந்தது. அந்த ஒரு மாதம் முழுக்க வீட்டில் தமிழ். எழும்பினால் தமிழ், சாப்பிட்டால் தமிழ், படுத்தால் தமிழ். என் வாய் பத்து வயதுக்குத் திரும்பிப் போய்விட்டது. எனக்கு அது தெரியவில்லை, இனித்துக்கொண்டிருந்தது.

ஆட்டத்தன்று காலை அம்மா விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ராசா, சாப்பிட்டனியே?"

"ஓம்."

"உள்பெனியன் போட்டனியே? குளிருது."

"ஓம் அம்மா."

"செபம் சொன்னனியே?"

"ஓம் ஓம்."

"உண்மையாச் சொன்னனியே?"

"ஓமெண்டுறன்!"

மடு மாதாவுக்கு நேர்ந்து கொண்டுவந்த ஒரு மெழுகுதிரியை என் காலணிப் பைக்குள் வைத்துவிட்டார். அந்த ஆட்டத்தில் மெழுகுதிரிகள் வரும் என்று அவருக்கு நான்தானே சொல்லியிருந்தேன். சித்தப்பா அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் படிக்கட்டின் நடுவரிசையில் இருத்தினார். சேலைக்கு மேல் என்னுடைய குளிர்ச்சட்டை. மைதானத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிந்தது.

முதல் பாதியில் நான் நன்றாகவே விளையாடினேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சொல்வதற்கு இப்போது வேறு யாரும் இல்லை. இரண்டாம் பாதியில் எதிரணி ஒரு மெழுகுதிரி உதைத்தது. காற்று இருந்தது. பந்து போய், திரும்பி, என் பக்கம் இறங்கியது. நான் கீழே போய் நின்று இடது காலை ஊன்றிவிட்டேன். பின்னாலிருந்து பெனுவா ஓடி வருகிற சத்தம் கேட்டது. "உனக்கா?" என்று கத்தினான்.

"ஓம்!" என்றேன்.

நாலு வருடம் போட்ட ஜே எல்லாம் எங்கேயோ போய்விட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்கும் முழங்கால் முக்கியம்தானே. பெனுவாவின் காதில் விழுந்தது, ஆள் வருகிறான் என்று. நல்ல விளையாட்டுக்காரன் அந்தச் சொல்லுக்கு என்ன செய்யவேண்டுமோ அதைத்தான் செய்தான். கண்ணைப் பந்திலிருந்து எடுக்காமல், தோளை இறக்கி, வருகிற ஆளை இடிக்கத் தயாராக முழு வேகத்தில் வந்தான். அந்த ஆள் நான்தான். ஊன்றிய கால் ஊன்றியபடி நிற்க, மற்ற உடம்பு முழுக்க வேறு பக்கம் போனது. ஈர விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். புல்லில் கிடந்தபோது பெனுவா என் தலைமாட்டில் முழந்தாளிட்டு, "நீதானே ஆள் என்றாய், நீதானே சொன்னாய்" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதான். பாவம். அவனில் எனக்கு ஒரு நாளும் கோபமில்லை.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் சித்தப்பாவிடம்தான் எல்லாவற்றையும் சொன்னார். கிழிந்தது எது, இனிச் சரிவராதது எது என்று. பெனுவா வாசலில் நின்று, நடந்ததைச் சித்தப்பாவுக்குச் சொல்லியிருக்கிறான். சித்தப்பா உள்ளே வந்து யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா என் கட்டிலில் இருந்து தலையைத் தடவினார். அழுது முடித்த முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"ராசா, நீ ஓம் எண்டது எனக்கு அவ்வளவு உயரத்துக்கும் கேட்டது. அந்த வெள்ளைக்காரப் பெடியன் ஏதோ கேட்டான், நீ தமிழில ஓம் எண்டாய். அவ்வளவு சனத்துக்கு நடுவில. நான் பக்கத்தில இருந்த மனிசிக்கும் சொன்னனான், உது என்ர மோன், எங்கட பாசையில சொல்லுறான் எண்டு."

சித்தப்பா யன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"ஓம் அம்மா" என்றேன்.

ஒப்பந்தம் வேறு ஆளுக்குப் போனது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பயிற்சியாளர். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பெர்னார் என்னைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். பழைய சீமெந்து அறை, பழைய தைலம். ஆனால் வளைந்து ஓடினால் கால் ஒரு திசையிலும் நான் ஒரு திசையிலும் போனோம். அரை சீசனில் நானே நிறுத்திக்கொண்டேன். சித்தப்பாவின் குசினியில் என் இடம் காலியாக இருந்தது. அவர் கையுறையை எடுத்துத் தந்தார். அந்த நாள்களில் எனக்கு இருந்த துக்கத்தை இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கோப்பை கழுவுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் நாலு வருடம் வேறு ஒருவனாக இருந்துவிட்டு வந்திருந்தேன்.

பிறகு கலியாணம். றெஜினாவின் ஆட்கள் மொன்றியலில். இங்கே வந்தேன், பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் வீடு எடுத்தோம். இப்படிப்பட்ட முழங்காலுள்ள ஒருவன் எடுக்கிற வீடா அது. வெளிப்படிக்கட்டில் பனி உறைந்தால் திங்கட்கிழமைகளில் செய்த மாதிரிப் பக்கவாட்டில் இறங்குவேன். மகள் பின்னால் நின்று, "அப்பா, சா வா?" என்று, சரியா என்று, பிரெஞ்சில் கேட்பாள். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்கிற ரகம். ஓம் என்று சொல்லவே மாட்டாள். நான் வற்புறுத்துவதில்லை.

அம்மா மூன்று வருடத்துக்கு முன்னால் செத்துப்போனார். நான் போய்ச் சேர அடக்கம் முடிந்திருந்தது. மன்னார் வீட்டில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கனடாவைப் பற்றியும் கேட்கவில்லை. ஒருவர் மாறி ஒருவர் ஒரே கதையைத்தான் எனக்கே சொன்னார்கள். பெரிய மைதானத்தில் வெள்ளைக்காரன் ஏதோ கேட்டானாம், நான் தமிழில்தான் பதில் சொன்னேனாம். "உண்மையே தம்பி?" என்று அயல்வீட்டு ஐயா கேட்டார். ஓம் என்றேன். அன்றைக்குத்தான் அழுதேன். முழங்காலுக்காக அழவில்லை என்று சொல்ல ஆசைதான், முழங்காலுக்காகவும்தான்.

சித்தப்பாவும் இப்போது இல்லை. பெர்னாரும் போய்விட்டார். போன கோடையில் யூனூஸ் வந்தான். அவனுடைய தங்கை இங்கே இருக்கிறாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறானாம். தலை முழுக்க நரை, வயிறு வைத்துவிட்டது. ஜான்-டலோன் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சோளப்பொத்திக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு வாங்கு கிடைத்தது. இரண்டு பேரும் உட்காரும்போது ஒரே நேரத்தில் முனகினோம். அதற்குச் சிரித்தோம். எங்கள் ஊர்க் குழு எப்படியிருக்கிறது என்று கேட்டேன்.

"இல்லை" என்றான். "பதின்மூன்று பேர் சேரவில்லை. இளசுகள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட்டார்கள். கடைசி ஆட்டத்துக்கு என்னைக்கூடச் சப்பாத்துப் போடச் சொன்னார்கள் என்றால் பார்த்துக்கொள்."

"எப்படிப் போனது?"

சோளப்பொத்தி ஒன்றை எடுத்து நாரை ஒவ்வொன்றாக உரிக்கத் தொடங்கினான்.

"ஒரு மெழுகுதிரி வந்தது. உன் இடத்தில் யாரோ புதுப் பெடியன். எனக்கு அவனுடைய பேரே தெரியாது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஓடினேன். 'உனக்கா?' என்று கேட்டேன். அவன் ஜே என்றான் போலிருக்கிறது. நல்லாய்த்தான் சொல்லியிருப்பான். என் காதில் ஏறவில்லை. நான் ஓமுக்காகக் காத்துக்கொண்டு ஓடினேன். அவனை இடித்துவிடப் பயந்து கடைசியில் நின்றேன். நான் நிற்கவில்லை என்று பயந்து அவனும் நின்றான்."

"பிறகு?"

"பந்து நிலத்தில் விழுந்தது" என்றான் யூனூஸ்.